ஊரும் பார்க்கணும், நண்பர்களையும் பார்க்கணும்: ஐரோப்பா செல்லும் தம்பதிகளுக்கான கேள்வி பதில்

இருவராக ஐரோப்பா சுற்றக் கிளம்பி, அங்கே குடியேறிவிட்ட பழைய நண்பர்களையும் பார்த்துவிட்டு வர நினைப்பவர்களுக்கான பக்கம் இது. விசா, டிக்கெட், பெட்டி என்று தனித்தனியே எளிதாகத் தெரிகிற காரியங்கள், நடுவில் நண்பர் வீடு என்று ஒன்று வந்ததும் வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. அந்த இடங்களைத்தான் இங்கே அதிகம் பேசுகிறோம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டை மனத்தில் வைத்து எழுதியது. மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்துச் செல்லும் ஒரே விசா) தேவையில்லை. அந்தக் கேள்விகளைத் தாண்டிப் போகலாம்.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

நண்பர்களிடமிருந்து. ஈபிள் கோபுரம் 1889-லிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறது. நண்பருக்கு லீவு கிடைக்கிற சனி, ஞாயிறு அப்படி நிற்காது.

பெரும்பாலான தம்பதிகள் செய்வது இதற்கு நேர்மாறானது. விமான டிக்கெட்டும் விடுதியும் போட்டுவிட்டு, "3-லிருந்து 7 வரை பாரிஸில் இருப்போம், ஒருநாள் பார்க்கலாம்" என்று செய்தி அனுப்புவார்கள். அது திங்கள் முதல் வெள்ளியாக அமையும். நண்பர் வேலை முடித்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, ஏழரை மணிக்கு வருவார். நீங்கள் காலையிலிருந்து இருபதாயிரம் அடி நடந்து, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கும் நிலையில் இருப்பீர்கள். பத்து வருடம் கழித்துச் சந்தித்து ஒரு மணி நேரம் கொட்டாவி விட்டதுதான் மிச்சமாகும்.

வாரத்தை இப்படி அடுக்கினால் பெரும்பாலும் சரியாக வரும்: சனி, ஞாயிறு நண்பரோடு; திங்கள் ஊர் மாறும் நாள்; செவ்வாய் முதல் வெள்ளி வரை இருவர் மட்டும் சுற்றுவது. இதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், ஆகவே அந்த நாள் பேச்சுக்கும் பூங்காவுக்கும்தான் பொருந்தும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, ஆகவே அன்று ரயிலில் இருப்பதில் நட்டமில்லை. வார நாட்களில் கூட்டமும் குறைவு.

எந்த மாதம் வேண்டாம்?

நண்பர் பாரிஸில் இருந்தால் ஆகஸ்ட் வேண்டாம். ஊரே விடுமுறைக்குக் கிளம்பிவிடும். நண்பரும் கிளம்பியிருப்பார், சின்னக் கடைகளும் உணவகங்களும் பல வாரம் மூடியிருக்கும். ஜெர்மனியில் கோடை விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பவேரியாவில் கடைசியாக, ஆகஸ்டில் தொடங்கிச் செப்டம்பர் நடுவரை போகும். பிரான்சில் மே மாதம் ஒரு விசித்திரம்: 1, 8 இரண்டும் பொது விடுமுறை, பெரும்பாலும் அதே மாதத்தில் ஏசுவின் விண்ணேற்ற வியாழனும் வரும், பலர் வெள்ளியையும் சேர்த்து லீவு போட்டுவிடுவார்கள். நண்பருக்கு அந்த நான்கு நாள் இருந்தால் பொற்காலம். அதே நான்கு நாளுக்கு ரயில் டிக்கெட் தேடும் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

டூலிப் தோட்டம் பார்க்கவேண்டுமென்றால் கேள்வியே வேறு. நெதர்லாந்தின் கோய்கென்ஹோஃப் தோட்டம் மார்ச் பிற்பகுதியிலிருந்து மே நடுப்பகுதிக்குள் சுமார் எட்டு வாரம் மட்டும்தான் திறந்திருக்கும்.

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும். மார்ச்சில் முன்னால், அக்டோபரில் பின்னால். அன்று காலை ரயிலோ சந்திப்போ இருந்தால், தானாக மாறும் கைபேசியை நம்புங்கள், கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள்.

மூன்று நாடு போகிறோம். விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது?

அதிக நாள் தங்கும் நாட்டிடம். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். ஜெர்மனியில் நண்பர் வீட்டோடு 5 இரவு, பிரான்ஸ் 4, சுவிட்சர்லாந்து 3 என்றால் ஜெர்மனிதான், விமானம் பாரிஸில் இறங்கினாலும்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை இழுக்கவும் விதியில் இடமுண்டு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, நீங்கள் வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாக இருக்கவேண்டும்.

எங்கே இடறுகிறது? நேர்காணல் நாள் எளிதாகக் கிடைக்கும் நாட்டிடம் விண்ணப்பித்து, அதற்கேற்ப ஒரு போலித் திட்டத்தை எழுதுவது. அங்கே விடுதிப் பதிவு 6 இரவு, நண்பரின் அழைப்புக் கடிதம் வேறு நாட்டிலிருந்து, உள்நாட்டு ரயில் டிக்கெட் இன்னொரு நாட்டில் என்று தாள்களே ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும். அதிகாரி பார்ப்பது அழகான வாசகங்களை அல்ல. முதல் இரவிலிருந்து கடைசி இரவுவரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கூரை இருக்கிறதா என்பதைத்தான்.

நண்பர் வீட்டில் தங்கினால் அழைப்புக் கடிதம் மட்டும் போதுமா?

நாட்டைப் பொறுத்தது.

பிரான்சில் போதாது. நண்பர் தன் ஊரின் நகராட்சிக்கு நேரில் போய் 'அத்தெஸ்தசியோன் தகேய்' என்ற தங்கவைக்கும் சான்றை வாங்கவேண்டும். வீட்டு ஆவணம், வருமானச் சான்று, வீட்டின் அளவு எல்லாம் கேட்பார்கள். 30 யூரோ முத்திரைக் கட்டணம். மறுத்தாலும் அது திரும்பாது. சான்றின் மூலப்பிரதி உங்கள் கைக்கு வரவேண்டும், தபால் நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகராட்சியில் நேரம் கிடைப்பதற்கே சில வாரம் ஆகலாம் என்பதால், இரண்டு இரவுக்காக நண்பரை இந்த வேலைக்கு அனுப்புவதைவிடப் பக்கத்துத் தெருவில் ஒரு விடுதி போடுவது பல சமயம் நல்லது.

ஜெர்மனியில் செலவை நீங்களே ஏற்றால், வங்கிக் கணக்கு அதைக் காட்டினால், நண்பரின் எளிய கடிதமும் அவருடைய முகவரி, வசிப்புரிமை நகலும் பெரும்பாலும் போதும். செலவை நண்பர் ஏற்பதாகக் காட்டினால்தான் அவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 'ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்' என்ற உறுதிமொழி தரவேண்டும். பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு மூச்சு போய்விடும். அது வெறும் தாள் அல்ல: உங்கள் மருத்துவச் செலவு, திருப்பி அனுப்பும் செலவு வரை அவர் தலையில் விழும் சட்டப் பொறுப்பு. நண்பரிடம் சும்மா கேட்டுவிடக் கூடாத உதவி.

இத்தாலியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரை வீட்டில் தங்கவைப்பவர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். பல நண்பர்களுக்கே இது தெரியாது, நீங்கள் நினைவூட்டுங்கள்.

நடுவில் லண்டனையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம், இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா. அயர்லாந்தும் அப்படியே. இரண்டாவது, ஷெங்கன் விசாவில் நுழைவு எண்ணிக்கை என்றொரு கட்டம் இருக்கும். அதில் 01 என்றிருந்தால், பாரிஸிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய நிமிடமே உங்கள் ஷெங்கன் விசா தீர்ந்தது. நாட்கள் மீதியிருந்தாலும் திரும்ப ஆம்ஸ்டர்டாமுக்குள் விடமாட்டார்கள். விண்ணப்பத்திலேயே இரண்டு அல்லது பலமுறை நுழைவு கேட்டு, லண்டன் டிக்கெட்டைக் காரணமாகக் காட்டுங்கள். கிடைக்காவிட்டால் லண்டனைப் பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ தள்ளிவையுங்கள். எங்கள் பரிந்துரை, எந்த விசா வந்தாலும் முடிவில் வைப்பதுதான்.

பாரிஸ் - லண்டன் யூரோஸ்டார் ரயில் சுமார் இரண்டேகால் மணி நேரம். ஆனால் ரயில்தானே என்று பத்து நிமிடம் முன்னால் போனால் ரயிலின் வால்கூடத் தெரியாது. இரு நாட்டுக் குடியேற்றச் சோதனையும் கிளம்பும் நிலையத்திலேயே நடக்கும். கதவு 30 நிமிடம் முன்பே மூடிவிடும். ஒன்றரை மணி நேரம் முன்னால் இருங்கள். வழியனுப்ப வரும் நண்பர் சோதனைக் கதவுவரைதான் வரமுடியும், ஆகவே கட்டிப்பிடித்து விடைபெறுவதை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

90 நாள் கணக்கு எங்களுக்கு முக்கியமா?

இரண்டு வாரப் பயணத்துக்கு அல்ல. அதே ஆண்டில் ஏற்கெனவே போய் வந்திருந்தால் மட்டும் கவனிக்கவும்: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் ஷெங்கனுக்குள் 90 நாளுக்கு மேல் கூடாது. வந்த நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மின்பதிவு முறையில் முகப்படம், விரல்ரேகையோடு இது கணினியிலேயே பதிவாகிறது.

காப்பீட்டில் என்ன பார்க்கவேண்டும்?

விசாவுக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவ ஈடு, ஷெங்கன் முழுவதும், தங்கும் எல்லா நாளும். சிக்கல் கடைசி நாளில்தான் வரும். விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் ஒரு நாள் கூடுகிறது. காப்பீடு முந்தின நாளோடு முடிந்திருக்கும். லண்டன் இருந்தால் பிரிட்டனையும் சேர்த்த திட்டமாக வாங்குங்கள்.

நண்பர் வீட்டிலா, விடுதியிலா?

இரண்டு இரவுவரை நண்பர் வீடு. மூன்றாவது இரவு யாருக்கும் கஷ்டமில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். அதற்கு மேல் விடுதி.

அன்பு குறைவதால் அல்ல, குளியலறை ஒன்றே ஒன்று இருப்பதால். ஐரோப்பிய நகர அடுக்ககங்களில் நான்கு பேர் குடும்பத்துக்கும் அதுதான் வழக்கம். வேலை நாளில் காலை ஏழு முதல் எட்டரைவரை அது அவர்களுடையது. அந்த நேரத்தில் படுக்கையிலேயே கிடப்பதுதான் விருந்தாளி செய்யக்கூடிய பெரிய உதவி.

போகும் முன்பே கேட்டுவிட வேண்டியவை: தனி அறையா, கூடத்து சோபாவா? எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா? (பாரிஸின் பழைய கட்டடங்களில் 23 கிலோ பெட்டியை ஐந்து மாடி தூக்குவது கணவன் மனைவி உறவுக்கு நல்லதல்ல.) எங்களுக்கென்று ஒரு சாவி கிடைக்குமா? சாவி இல்லாவிட்டால் நண்பர் வீடு திரும்பும்வரை நீங்கள் வெளியே, அல்லது நீங்கள் திரும்பும்வரை அவர் உள்ளே.

ஜெர்மனியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஓசையடக்க நேரம். ஞாயிறு முழுவதுமே அப்படித்தான். கண்ணாடிப் புட்டியைக்கூட அன்று குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்கு 25 சென்ட் முன்பணம் உண்டு, நசுக்கிப் போட்டுவிடாமல் கடையிலுள்ள எந்திரத்தில் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் புகை உணர்கருவி கட்டாயம் என்பதால், அன்பு மிகுதியில் மிளகாய் வற்றல் தாளித்து விருந்து வைக்க நினைப்பவர்கள் முதலில் சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

நண்பர்களுக்கு என்ன கொண்டுபோகலாம்? எது பிடிபடும்?

நண்பர் கேட்பதும் சுங்கம் தடுப்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் சோகம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் பயணப்பெட்டியில் வரக் கூடாது. நெய், பன்னீர், பால்கோவா எல்லாம் இதில் மாட்டும். சிறிதளவுதான், சொந்த உபயோகம்தான் என்பது எடுபடாது. பிஸ்கட், சாக்லேட், சர்க்கரை மிட்டாய் போகலாம். மீனுக்குத் தனி விதி: ஒருவருக்கு 20 கிலோவரை அனுமதி, ஆகவே நெய்க்கு இல்லாத யோகம் கருவாட்டுக்கு உண்டு. பக்கத்தில் அமர்ந்து வருபவரை நினைத்து நான்கு உறைக்குள் கட்டுங்கள்.

பச்சைக் காய், பழம், இலை எதுவானாலும் தாவர நலச் சான்று வேண்டும். விலக்கு ஐந்தே பழங்களுக்கு: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன். கறிவேப்பிலையும் மாம்பழமும் அந்தப் பட்டியலில் இல்லை. மசாலாப்பொடி, பருப்புப்பொடி, காய்ந்த மிளகாய், அப்பளம் சிக்கலில்லாதவை. கடையில் கட்டிய, பெயர் அச்சிட்ட பொட்டலமாக இருந்தால் கேள்வி குறையும். ஊறுகாயைக் கைப்பையில் வைக்கவேண்டாம், 100 மில்லி விதியில் அது திரவம்.

விமானத்தில் வரும் ஒருவர் 430 யூரோ மதிப்புவரையிலான பொருட்களை வரியின்றிக் கொண்டுவரலாம். இருவரின் வரம்பையும் கூட்டி 860 யூரோ மதிப்புள்ள ஒரே பொருளைக் கொண்டுவர முடியாது. நண்பரின் அம்மா கொடுத்தனுப்பும் தங்கச் சங்கிலி இங்கேதான் மாட்டும்: நீங்கள் அணியும் நகை வேறு, ஒப்படைக்கக் கொண்டுபோகும் நகை வேறு. ரொக்கம் 10,000 யூரோ அல்லது அதற்கு மேல் என்றால் அறிவித்தாக வேண்டும்.

எந்த இடம் எந்த நாள் மூடியிருக்கும்? எதற்கெல்லாம் முன்பதிவு?

பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் மூடல். புதனும் வெள்ளியும் இரவு 9 வரை. ஆர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் மூடல். ஆர்சே வியாழன் இரவு 9.45 வரை. நண்பருக்கு வார நாளில் மாலை மட்டுமே ஓய்வென்றால் இந்த நீட்டித்த மாலைகளை அவருக்கு ஒதுக்குங்கள், கூட்டமும் குறைந்திருக்கும். மோனாலிசாவின் அளவு 77-க்கு 53 சென்டிமீட்டர்தான் என்பதைத் துணைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வரிசையில் நின்று பார்த்தபின் வரும் முறைப்பைத் தவிர்க்கலாம். பொம்பிது மையம் புதுப்பிப்புக்காக 2025 முதல் பல ஆண்டுகளுக்கு மூடியிருக்கிறது. தீ விபத்துக்குப்பின் 2024 டிசம்பரில் திறந்த நோத்ர் தாம் பேராலயத்துக்கு நுழைவு இலவசம்.

ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் வீட்டுக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் கழித்து வரும் வாரத்துக்கான டிக்கெட்டை இணையத்தில் விடுவார்கள்; சீக்கிரம் தீர்ந்துபோகும். வான்கோ அருங்காட்சியகமும் நேரம் குறித்த இணைய டிக்கெட்தான். ரெய்க்ஸ்மியூசியம் என்ற தேசிய அருங்காட்சியகம் ஆண்டின் எல்லா நாளும் திறந்திருக்கும், ஆகவே திட்டத்தில் இடிக்கிற நாளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

ரோமில் வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். வரிசையைப் பார்த்தால் காசு கொடுத்தே போயிருக்கலாம் என்று தோன்றும். மிலானில் டாவின்சியின் கடைசி விருந்து ஓவியத்துக்கு ஒரு குழுவுக்கு 15 நிமிடம்தான், தாமதமானால் அவ்வளவுதான். புளோரன்சில் உஃபிட்சி ஓவியக்கூடம் திங்கள் மூடல். மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தின் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம்: திங்கள் முதல் சனி மாலை 6 முதல் 8, ஞாயிறு 5 முதல் 7. ஸ்பெயினின் கிரனாடாவில் உள்ள அல்ஹம்ப்ரா கோட்டை டிக்கெட் பாஸ்போர்ட் பெயரோடு வரும், அசல் பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும். அதில் நஸ்ரித் அரண்மனைக்கு மட்டும் தனி நேரம் அச்சிட்டிருக்கும். பலர் தவறவிடுவது அந்த நேரத்தைத்தான், தோட்டத்தில் படமெடுத்துக்கொண்டு.

நண்பருக்கும் சேர்த்து டிக்கெட் போடுமுன் அவரைக் கேளுங்கள். பாரிஸில் வசிப்பவர் ஈபிள் கோபுரத்துக்கு விருந்தாளிகளோடு எத்தனையாவது முறை ஏறுகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நண்பர் தம்பதியும் நாங்களுமாக நான்கு பேர் ஒருநாள் சுற்றினால் மலிவான வழி உண்டா?

பவேரியாவில் இருந்தால் பயர்ன் டிக்கெட் என்ற ஒருநாள் ரயில் டிக்கெட் இதற்கென்றே செய்தது மாதிரி. ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர்வரை; ஆள் கூடக்கூடத் தலைக்கு விலை குறையும். வேலை நாளில் காலை 9 மணிக்குத்தான் தொடங்கும், சனி, ஞாயிறு நள்ளிரவிலிருந்தே செல்லும். வட்டார ரயிலில் மட்டும். அதிவேக ஐசிஇ-யில் ஏறினால் டிக்கெட் இல்லாதவராகத்தான் கணக்கு. பயணிகளின் பெயர் எழுதியிருக்க வேண்டும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்வரை இதிலேயே போகலாம்.

மியூனிக்கிலிருந்து நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஒரு கணக்கு: ஒன்பது மணிக்குப் பிறகு ரயில், ஃப்யூசன்வரை சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பத்து நிமிடப் பேருந்து, பிறகு மேட்டில் முப்பது நாற்பது நிமிட நடை. உள்ளே வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள், டிக்கெட்டில் உள்ள நிமிடத்துக்கு வாசலில் நிற்கவேண்டும். வேலை நாளில் பகல் 1 மணிக்கு முந்தைய நேரத்தை எடுக்காதீர்கள். கோட்டை முழுதாகத் தெரியும் மேரி பாலத்திலிருந்து படம் எடுப்பதைச் சுற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் வேறொரு பொறி. அங்கே வசிப்பவரிடம் பெரும்பாலும் அரைக்கட்டண அட்டை இருக்கும். அவர் தன் கைபேசியில் நால்வருக்கும் அரைக்கட்டணத்திலேயே டிக்கெட் போட்டுவிட்டால், அட்டை இல்லாத உங்கள் இருவருக்கும் அபராதம். யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்கு (3,454 மீட்டர்) போகும் நாளை முன்கூட்டிப் பூட்டிக்கொள்ளாமல், அன்று காலை மேலேயுள்ள நேரடிக் கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். மேகத்துக்குள் நிற்க அவ்வளவு பணம் கொடுக்கவேண்டாம். சுற்றுலாப்பயணிகளுக்கான சுவிஸ் டிராவல் பாஸ் அந்த நிலையம்வரை முழுதாகச் செல்லாது. கிரிண்டல்வால்டு அல்லது வெங்கன்வரை மட்டும், அதன்பின் 25 சதவீதத் தள்ளுபடி.

மெட்ரோவில் ஒரே அட்டையை இருவரும் தேய்க்கலாமா?

கூடாது. லண்டனில் ஆளுக்கொரு வங்கி அட்டை அல்லது கைபேசி வேண்டும். ஏறும்போது கைபேசியும் இறங்கும்போது அதே கணக்கின் பிளாஸ்டிக் அட்டையும் காட்டினால், எந்திரத்துக்கு அது இரண்டு வெவ்வேறு ஆள். இரண்டுக்கும் முடிவுறாப் பயணத்துக்கான அதிகக் கட்டணம் போகும். பாரிஸின் நவிகோ ஈசி அட்டையும் ஒரே பயணத்துக்கு ஒருவருக்குத்தான்.

இத்தாலியில் வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை எந்திரத்தில் குத்தவேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கே அபராதம் கட்டுவது சுற்றுலாப்பயணிகள் மட்டும் செய்யும் சாதனை.

பணம், அட்டை?

கடையிலோ ஏடிஎம்மிலோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று யூரோவையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதத்தை அந்த எந்திரக்காரர் வைப்பார். சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க். கழிப்பறைக்கு அரை யூரோவிலிருந்து ஒன்றரை யூரோவரை ஆகும், சில்லறை வைத்திருங்கள். இருவரும் ஒரே வங்கியின் அட்டையை மட்டும் எடுத்துப்போகவேண்டாம். அது முடங்கினால் இரண்டும் முடங்கும்.

நண்பர்களோடு உணவகம் போனால் பில்?

ஜெர்மனியில் பரிமாறுபவரே "சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்பார், தனித்தனி என்பதில் கூச்சமில்லை. பிரான்சில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது, குழாய்த் தண்ணீர்க் குடுவை கேட்டால் இலவசமாக வரும். ஜெர்மனியில் தண்ணீர் என்றால் விலையுள்ள புட்டி. இத்தாலியில் 'கோபெர்தோ' என்று தலைக்குச் சில யூரோ பில்லில் இருக்கும், தவறல்ல. தங்கவைத்த நண்பருக்கு ஒரு வேளை உணவை நீங்கள் ஏற்பது முறை. உட்காருமுன்பே சொல்லிவிட்டால் பில் வந்தபின் இழுபறி இருக்காது.

வந்த அன்றே சந்திக்கலாமா?

இரவு விருந்து வேண்டாம். இந்தியாவிலிருந்து மத்திய ஐரோப்பாவுக்குக் கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம்; உடல் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். முதல் இரண்டு நாள் காலை நான்கு மணிக்கே விழிப்பு வரும், மாலை எட்டுக்குக் கண் சொக்கும். எனவே முதல் சந்திப்பைக் காலைச் சிற்றுண்டிக்கு வையுங்கள். இறங்கிய நாளுக்கு நேரம் குறித்த எந்த டிக்கெட்டும் போடவேண்டாம்.

பழைய நண்பர்கள் பேச ஆரம்பித்தால் கணவருக்கோ மனைவிக்கோ சலிப்புத் தட்டுகிறதே?

தட்டும். விடுதிக் கதைகளும் வாத்தியார் பட்டப்பெயர்களும் அங்கே இல்லாதவருக்கு அரை மணி நேரம்தான் தாங்கும். மேசைச் சந்திப்பைவிட நடைச் சந்திப்பு நல்லது: சென் நதிக் கரை, ஆம்ஸ்டர்டாம் கால்வாய், கோடையில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். நடக்கும்போது நால்வர் இரண்டிரண்டாகப் பிரிந்து சேர்வது தானாக நடக்கும். இரண்டு நாள் தங்கினால் ஒரு அரைநாளை நண்பர்கள் இருவருக்கும் மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவர் தனக்குப் பிடித்த அருங்காட்சியகத்துக்கோ கடைத்தெருவுக்கோ போகலாம். அதைக் கோபத்தில் கிளம்பியதாக இல்லாமல் முன்பே திட்டத்தில் எழுதிவையுங்கள். இருவரின் நண்பர்களும் அங்கே இருந்தால் நாட்களைச் சமமாகப் பிரியுங்கள். பிறகு வரும் பல வருடச் சண்டைக்கு இது மலிவான காப்பீடு.

வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமா? நண்பர் அட்டையில் வாங்கினால்?

ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்குத்தான் கிடைக்கும். படிவம் உங்கள் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் இருக்கவேண்டும்; "என்னிடம் தள்ளுபடி அட்டை இருக்கிறது" என்று நண்பர் தன் பெயரில் பில் போட்டால் வரி போனது போனதுதான். குறைந்தபட்சக் கொள்முதல் பிரான்சில் 100 யூரோவுக்கு மேல், இத்தாலியில் 70-க்கு மேல், ஜெர்மனியில் 50-க்கு மேல், ஸ்பெயினில் வரம்பில்லை.

ஒன்றியத்தை விட்டுக் கடைசியாக வெளியேறும் இடத்தில் சுங்க ஒப்புதல் வாங்கவேண்டும், பொருள் பிரிக்காமல் கையில் இருக்கவேண்டும். பெட்டியை விமானத்தில் ஏற்றிவிட்டுப் போய் நின்றால் காட்ட ஒன்றும் இருக்காது. சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருந்தாலும் ஒன்றியத்தில் இல்லை. பாரிஸில் வாங்கி, ஜூரிக் போய், அங்கிருந்து வீடு திரும்புபவர் பிரான்ஸ் எல்லையிலேயே முத்திரை வாங்கியிருக்க வேண்டும். லண்டனில் முடிப்பவருக்கு அது பாரிஸ் நோர் நிலையத்தில், ரயிலேறுமுன். பிரிட்டனில் வாங்கும் பொருளுக்கு இப்படி வரியைத் திருப்பித் தருவது 2021 முதல் இல்லை.

திரும்பும் விமானம் தாமதமானால்?

ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானமானாலும், சேருமிடத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இழப்பீடு கேட்கலாம். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குத் தலைக்கு 600 யூரோ. தாமதம் நாலு மணி நேரத்துக்குள் என்றால் பாதியாகக் குறைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. புயல் போன்ற தவிர்க்கமுடியாத காரணத்துக்கு இழப்பீடு இல்லை, ஆனால் உணவும் இரவு தங்கலும் அப்போதும் தந்தாக வேண்டும். வளைகுடா வழியாக மாறிப் போகும் பயணமும் ஒரே முன்பதிவில் இருந்தால் சேரும்; தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டென்றால் இரண்டாவது விமானத்தைத் தவறவிடுவது உங்கள் பாடு. ஏறும் அட்டையைத் தூக்கியெறிய வேண்டாம். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்திருந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன்பே ஒரு அறிக்கை பதிந்துகொண்டால் வேலை சுலபம்.